சுகிர்தம் டீச்சர் கேட்ட வாஷர்கள்

நம் சபை இதழுக்காக டீச்சரைப் பற்றி எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். வரிசை போட்டுக்கொள்ளாமல் எனக்கு எதுவும் எழுத வராது. அதனால் முதலில் ஒரு பட்டியல் எழுதிக்கொண்டேன்.

1. செய்தி வந்த விதம்.
2. டீச்சருக்குப் பொருள்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாது.
3. டீச்சர் யார் சொல்லையும் கேட்டவர் அல்ல.
4. அவர் கேட்டதை நான் ஒரே ஒரு முறை அனுப்பாமல் இருந்தது. (அது பெரிய விஷயமல்ல.)
5. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது.

இறந்தவரைப் பற்றிய கட்டுரையில் இரண்டும் மூன்றும் இடம்பெறலாமா என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனால் இதைப் படிக்கப்போகிறவர்கள் டீச்சரை அறிந்த நீங்கள். அவர் சாந்தமே உருவானவர் என்று நான் எழுதினால் ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று சிரிப்பீர்கள்.

செய்தி ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தது. எங்கள் வீட்டுக்கு எதிரே ஹாஜா பாயின் இரும்புக் கடை. எங்களுக்கு வரும் போன் எல்லாம் அங்கேதான் வரும். வழக்கமாகப் பாய் கடைக்குள்ளிருந்தே "சார், போன்!" என்று குரல் கொடுப்பார். அன்றைக்குக் கடையை அப்படியே விட்டுவிட்டுத் தெருவைக் கடந்து வந்து எங்கள் படியில் நின்றார்.

"சார், நல்லூர் ஹாஸ்டல்லேர்ந்து போன் வந்துச்சு. டீச்சர் போயிட்டாங்களாம்."

"எங்க போயிட்டாங்க?" என்று கேட்டேன்.

சுகிர்தம் டீச்சர் விஷயத்தில் அது நியாயமான கேள்வி. வயது அறுபதைத் தாண்டி, முழங்கால் இரண்டும் வீங்கியிருந்த நிலையில், போன மாதம்தான் பாஸ்போர்ட் புதுப்பிக்கும் விண்ணப்பம் வாங்கிவரும்படி என்னிடம் சொல்லியிருந்தார். நான் வாங்கவில்லை. கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். வேறு யாரையோ பிடித்து வாங்கிவிட்டார், நம்மிடம் சொல்லாமல் கிளம்பியும் விட்டார் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. எரிச்சல்கூட வந்தது.

பாய் ஒரு படி மேலே ஏறி வந்தார். "மவுத்தாயிட்டாங்க சார். தூக்கத்துலயே."

உள்ளே என் மனைவி பிரேமா கேட்டுக்கொண்டு நின்றிருந்தாள். டீச்சரின் ஒரே தங்கை அவள். "எப்பவும் சொல்லிட்டாவது போவா" என்றாள். 

புதிதாகச் சபையில் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். சுகிர்தம் டீச்சர் விருத்தாசலத்தில் இருபது வருஷத்துக்கு மேல் அறிவியல் ஆசிரியையாக இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எண்பதுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர், ரசத்தைக் கலக்கிக்கொண்டே, "வர்ற மாசம் ஆப்பிரிக்கா போறேன்" என்றார். பக்கத்துப் பெண்ணாடம் போய்விட்டு வருகிறேன் என்பது மாதிரி இருந்தது அது. கென்யாவின் வட மூலையில் ஒரு கிறிஸ்தவப் பள்ளி. அங்கிருந்து சூடான் எல்லை பக்கம். எல்லைக்கு அந்தப் புறம் பல வருஷமாக உள்நாட்டுச் சண்டை. இரண்டு புறத்துப் பிள்ளைகளும் அந்தப் பள்ளி விடுதியில் தங்கிப் படித்தார்கள். மிஷனரி ஆசிரியையாக அங்கே வரச்சொல்லி இவருக்குக் கடிதம் வந்திருந்தது.

"அங்க சண்டை நடக்குதுன்னு ரேடியோவுல சொல்றானேக்கா" என்றாள் பிரேமா.

"சண்டை பக்கத்து நாட்ல. இங்க மட்டும் என்னா? ஒன் பின் வூட்ல தெனமும் மாமியாருக்கும் மருமவளுக்கும் சண்டை. நீ வூட்டக் காலி பண்ணிட்டாப் போயிட்ட?"

"அது துப்பாக்கிச் சண்டை, டீச்சர்" என்றேன் மெதுவாக. மனைவிக்கு அக்கா என்றாலும் நானும் ஊரோடு சேர்ந்து டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன்.

"மாப்ள, நீங்க பின் வூட்டு மாமியார சரியாப் பாக்கல."

அன்று மாலை உட்கார்ந்து ஒரு தாளில் கோடு கிழித்து, போவதற்கான காரணங்களை ஒரு பக்கமும் போகக் கூடாததற்கான காரணங்களை மறுபக்கமும் எழுதினேன். போகலாம் என்பதற்கு இரண்டு, கூடாது என்பதற்குப் பதினொன்று. மறுநாள் அவரிடம் கொடுத்தேன். முழுவதும் படித்தார். "நல்லா எழுதியிருக்கீங்க" என்று சொல்லி வேதாகமத்துக்குள் அடையாளத் தாளாகச் செருகிக்கொண்டார். அதோடுதான் விமானம் ஏறினார்.

இனி இரண்டாவது அம்சம். இதை எழுத எனக்குத் தகுதி உண்டு என்று நினைக்கிறேன். ஓய்வு பெறும்வரை இந்த ஊரில் ஒரு பீங்கான் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். எங்கள் கம்பெனியில் வாட்டர் ஃபில்டருக்கான கேண்டில் செய்தார்கள். மெழுகுவர்த்தியைச் சொல்லவில்லை. தண்ணீர் வடிகட்டும் பாத்திரத்துக்குள் நிற்குமே, வெள்ளை வெளேரென்ற பீங்கான் குழல், அது. மண்ணோடு மரத்தூள் கலந்து சுடும்போது தூள் எரிந்துபோய்க் கண்ணுக்குத் தெரியாத துளைகள் மிஞ்சும். தண்ணீர் அதன் வழியே இறங்கும், அழுக்கு வெளியே தங்கிவிடும். கேண்டிலைத் தொட்டித் தண்ணீரில் அமிழ்த்தி உள்ளே காற்றைச் செலுத்திப் பார்ப்பது என் வேலை. எல்லாப் பக்கமும் பொடிக் குமிழ்களாக வந்தால் நல்லது. ஒரே இடத்திலிருந்து பெரிய குமிழ் கிளம்பினால் அங்கே கீறல் இருக்கிறது.

டீச்சர் போன மூன்றாவது மாதம் முதல் கடிதம் வந்தது. ஒரே உறைக்குள் இரண்டு கடிதம் இருக்கும். ஒன்று எங்களுக்கு. மற்றொன்று அப்போதைய போதகருக்கு, தனியே ஒட்டிய உறையில். அதை நான் பிரித்ததில்லை. சைக்கிளில் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்துவிடுவேன். அந்த ஞாயிற்றுக்கிழமை போதகர் பிரசங்க மேடையிலிருந்து, "டீச்சர் சுகமாக இருக்கிறார்கள், அந்தப் பிள்ளைகளுக்காக ஜெபியுங்கள்" என்பார். உங்களில் பலருக்கு அது நினைவிருக்கும்.

எங்களுக்கு வரும் கடிதத்தில் நலம் விசாரிப்பு இரண்டு வரி. பிறகு ஒரு பட்டியல். முதல் கடிதத்திலேயே, "தண்ணீர் கலங்கலாக வருகிறது. பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. உங்கள் கம்பெனி கேண்டில் பன்னிரண்டு, வாஷர் இருபத்து நான்கு, நட்டு பன்னிரண்டு அனுப்பவும்" என்று இருந்தது. கம்பெனியில் இரண்டாந்தரம் என்று ஒதுக்குவதை வேலைக்காரர்கள் எடுத்துக்கொள்ளலாம். நிறம் கொஞ்சம் மங்கியிருக்கும், அவ்வளவுதான். நான் ஒவ்வொன்றையும் இரண்டு முறை நீரில் அமிழ்த்திப் பார்த்துப் பன்னிரண்டு தேர்ந்தெடுத்தேன். வாஷரும் நட்டும் பாய் கடையில் வாங்கினேன். துணி சுற்றித் தைத்துக் கப்பல் தபாலில் அனுப்பினேன்.

நல்ல கேண்டில் ஒரு வருஷத்துக்கு மேல் உழைக்கும். நான்கு மாதத்தில் அடுத்த கடிதம் வந்தது. "கேண்டில் எல்லாம் உடைந்துவிட்டது. இன்னும் பன்னிரண்டு, வாஷர் இருபத்து நான்கு, நட்டு பன்னிரண்டு."

எல்லாமா? பன்னிரண்டுமா? வழியில் உடைந்ததா, அங்கே போய் உடைந்ததா, யார் கை பட்டு உடைந்தது என்று ஒரு வார்த்தை கிடையாது. அனுப்பினேன். மறுபடியும் உடைந்தது. வைக்கோலை விட்டு உமியில் வைத்துக் கட்டினேன். உடைந்தது. பிரேமாவின் பழைய புடவைகளைக் கிழித்து ஒவ்வொன்றையும் தனித்தனியே சுற்றினேன். புடவைத் துணி மிக உபயோகமாக இருந்தது என்று எழுதினார், கேண்டில் உடைந்துவிட்டது என்றும் எழுதினார். வருஷத்துக்கு மூன்று முறை இப்படி. கோபத்தைக் காட்டத் தெரியாதவன் என்ன செய்வான்? கேண்டிலைக் கழுவிப் பாதுகாக்கும் முறை பற்றிப் பத்து அம்சங்கள் கொண்ட ஒரு குறிப்பு எழுதி அனுப்பினேன். அது திரும்பி வந்தது, சிவப்பு மையால் திருத்தப்பட்டு. "ஆறாவது, இரண்டாவதையே திருப்பிச் சொல்கிறது. ஒன்பதாவது வாக்கியம் முடியவில்லை. பத்துக்கு ஏழு" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

கடைசியில் மேஸ்திரியிடம் கெஞ்சி, கேண்டில் வார்க்கும் அச்சில் மண்பாலை, அதாவது கரைத்த களிமண்ணை, கூடுதல் நேரம் விடச்சொல்லி, சுவர் தடித்த பன்னிரண்டு கேண்டில் தனியாக வார்க்கச் செய்தேன். என் பணிக்காலத்தில் நான் யாரிடமும் கேட்ட ஒரே சலுகை அது. அதற்கு வந்த பதில்: "மாப்பிள்ளை, இந்த முறை வந்தவை மிகவும் கனமாக இருக்கின்றன. பழையபடியே அனுப்பவும்." கனமா? ஒரு பாத்திரத்துக்குள் ஒரே இடத்தில் நிற்கும் பொருள் கனமாக இருந்தால் யாருக்கு என்ன கஷ்டம்? அந்தக் கடிதத்தை நான் பிரேமாவிடம் நீட்டிவிட்டுக் கொல்லைப்புறம் போய் நின்றுகொண்டேன்.

பாய்க்கு இதெல்லாம் வேடிக்கை. "என்னா சார், மறுபடியும் இருபத்து நாலு வாஷரா? டீச்சர் அங்க வாஷரத்தான் துன்றாங்களா?" என்பார் ஒவ்வொரு முறையும். ஒரு நாள் எண்ணிப் பொட்டலம் கட்டிக்கொண்டே கேட்டார். "தெரியாமதான் கேக்கறேன் சார். கேண்டில் ஒடையுது, சரி, பீங்கான். வாஷர் ரப்பரு. நட்டு பித்தள. அதெப்படிச் சார் ஒடையும்?"

"அவங்களுக்கு எதையும் பத்திரமா வெச்சிக்கத் தெரியாது பாய்" என்றேன். எனக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது.

மூன்றாவதை மேலேயே சொல்லியாகிவிட்டது, நான்காவது அம்சத்துக்கு வருகிறேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கடிதத்தில், வாஷருக்கும் நட்டுக்கும் இடையே, "பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் பதுங்கிக்கொள்ளக் குழி வெட்டுகிறோம். ஆழம் போதவில்லை. நான் நின்றால் தலை தெரிகிறது" என்று ஒரு வரி இருந்தது. பிரேமா அதைச் சாப்பாட்டு நேரத்தில் படித்தாள். தட்டைத் தள்ளி வைத்தாள்.

"குழின்னா எதுக்குங்க? குண்டு போடறாங்களா?"

"முன்னெச்சரிக்கையா இருக்கும்" என்றேன்.

"அவ வரணும். எப்படியாவது இங்க வந்து சேரணும். நீங்க எழுதினா கேக்க மாட்டா. நான் எழுதினாலும் கேக்க மாட்டா." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒண்ணு செய்யுங்க. இந்தத் தடவ கேண்டில் அனுப்பாதீங்க" என்றாள்.

"அனுப்பலன்னா?"

"எங்கக்கா எதை வேணா தாங்குவா, வயித்துக் கடுப்பு தாங்க மாட்டா. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். தண்ணிக்குக் கஷ்டம் வந்தா பொட்டியக் கட்டிட்டு வந்துடுவா."

பார்சல் அப்போது தயாராக இருந்தது. துணி தைத்து, மேலே மையால் முகவரியும் எழுதிவிட்டேன். தபால் ஆபீசுக்குக் கொண்டுபோக வேண்டியதுதான் பாக்கி. ஏணி போட்டு அதைச் சமையலறைப் பரண்மேல் வைத்தேன். யாரையும் எதிர்த்துப் பேச எனக்கு வராது. ஒன்றைச் செய்யாமல் இருப்பது எனக்கு எப்போதுமே சுலபம். ஒரு நல்ல நோக்கத்துக்காகச் செய்த சிறிய உபாயம் என்றுதான் நினைத்தேன்.

டீச்சர் வரவில்லை. கடிதம்தான் வந்தது. "மாப்பிள்ளை, இந்த முறை பார்சல் வந்து சேரவில்லை. தபாலில் எங்கோ தொலைந்திருக்கும். நீங்கள் தபால் ஆபீசுக்குப் போய்ச் சண்டை போட வேண்டாம், உங்களுக்கு வராது. மனதையும் வருத்திக்கொள்ள வேண்டாம். அடுத்த முறை இரண்டு பங்காக அனுப்பவும்." என்னைத் தேற்றி எழுதியிருந்தார். பிரேமாவிடம் படித்துக் காட்டினேன். "அனுப்பித் தொலைங்க" என்றாள். புதிதாக இருபத்து நான்கு கேண்டில் சேர்த்து இரண்டு பார்சலாக அனுப்பினேன். பரணில் இருந்ததை எடுத்து அனுப்பக் கூச்சமாக இருந்தது. அதற்குள்ளே நான் வைத்திருந்த குறிப்பில் பழைய தேதி இருந்தது.

முழங்கால் முற்றிலும் மறுத்த பிறகே அவர் ஊர் திரும்பினார். ஜங்ஷனில் இறங்கியபோது கையில் ஒரே ஒரு தகரப் பெட்டி. வீட்டில் பிரேமா அதைத் திறந்து துணிகளை எடுத்து அடுக்கினாள். நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன்.

"கேண்டில் ஒண்ணுகூடவா மிச்சமில்ல, டீச்சர்?"

"இல்ல மாப்ள."

"அத்தனையுமா ஒடைஞ்சிடுச்சி? எரநூறுக்கு மேல அனுப்பியிருக்கேன்."

"காப்பியக் குடிங்க, ஆறிடப்போவுது" என்றார்.

நாற்பது நாள் எங்களோடு இருந்தார். பிறகு நல்லூரில் ஒரு ஏழைப் பிள்ளைகள் விடுதியில் அறிவியல் சொல்லித்தரப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார். மூட்டுவலிக்கு வைத்தியம் பார்க்கலாம், ஓய்வெடுக்கலாம் என்று நாங்கள் சொன்னதெல்லாம் வீண். அங்கே போன இரண்டாம் நாள் பாய் கடைக்குப் போன் செய்தார். "மாப்ள, இங்க தண்ணி செரியில்ல. ஒரு கேண்டில்."

"இதையாவது பத்திரமா வெச்சிக்குவீங்களா?"

"பாக்கலாம்."

அடக்கத்துக்காக நல்லூர் போனபோது அவருடைய அறையைப் பார்த்தேன். நான் கொடுத்த கேண்டில் ஃபில்டருக்குள் நின்றது. கொடுத்து இரண்டு வருஷத்துக்கு மேலாகிறது. நகக்கீறல்கூட இல்லை. பக்கத்தில் மெல்லிய தேய்ப்பு நார் காய்ந்துகொண்டிருந்தது. என் குறிப்பின் மூன்றாவது அம்சம் சொல்கிறபடியே கழுவி வந்திருக்கிறார். இருநூறு உடைத்த பிறகு வந்த அக்கறை என்று நினைத்துக்கொண்டேன். துக்க வீட்டில் அப்படி நினைத்தது தப்புதான். ஆனால் நினைத்தேன்.

இதுவரை உள்ளதைச் செவ்வாய்க்கிழமை எழுதி முடித்தேன். அவர் ஆப்பிரிக்கா போன வருஷத்தைச் சரியாகக் குறிப்பிட வேண்டும் என்று தோன்றியது. பிரேமா ஒரு வருஷம் சொன்னாள், எனக்கு வேறு வருஷம் நினைவிருந்தது. சபைப் பதிவேட்டைப் பார்க்கலாமென்று புதன்கிழமை போதகர் வீட்டுக்குப் போனேன். இப்போதுள்ள போதகர் இளைஞர், ஊருக்குப் புதியவர். பதிவேட்டோடு நாடா கட்டிய ஓர் அட்டைக் கோப்பையும் கொண்டுவந்து வைத்தார்.

"டீச்சரம்மா எழுதின கடுதாசிங்க ஐயா. முந்தி இருந்த போதகர் வெச்சிட்டுப் போனது. ஒங்க குடும்பத்து விஷயம், நீங்களே பாருங்க."

எல்லாம் நான் சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்த உறைகள். பிரித்திருந்தன. என் பெயருக்கு வராத கடிதத்தை நான் படித்ததில்லை. இருந்தாலும் வராந்தாவில் உட்கார்ந்து பிரித்தேன். முதல் கடிதத்தில் நலச் செய்தி மட்டும்தான். இரண்டாவதை எடுத்தேன்.

"ஐயா, இதைச் சபையில் வாசிக்க வேண்டாம். விடுமுறைக்கு எங்கள் பிள்ளைகளில் சிலர் எல்லை தாண்டித் தங்கள் ஊருக்குப் போகிறார்கள். இரண்டு மூன்று நாள் நடை. அங்கே கிணறுகளைப் பாழாக்கிவிட்டார்கள். குட்டைத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். போகிற ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு கேண்டிலும் இரண்டு வாஷரும் ஒரு நட்டும் கொடுத்து அனுப்புகிறேன். எண்ணெய் டின்னின் அடியில் ஓட்டை போட்டு அதைப் பொருத்துவதற்கு வகுப்பில் பழக்கியிருக்கிறேன். கேண்டில் அவர்கள் வீட்டிலேயே இருந்துவிடும். என் தங்கை வீட்டுக்காரரிடம் உடைந்துவிட்டது என்று எழுதுகிறேன். எல்லையைக் கடந்து போகிறது என்று தெரிந்தால் அவர் பயந்துவிடுவார். நல்ல மனிதர், ஆனால் பயந்தால் நிறுத்திவிடுவார். இந்தப் பொய்க்காக எனக்காக ஜெபியுங்கள்."

கீழே பதினொரு பிள்ளைகளின் பெயர்கள் இருந்தன. நான் அனுப்பியது பன்னிரண்டு. ஒன்று பள்ளிக்கு.

அதன் பிறகு ஒவ்வொரு கடிதத்திலும் இப்படித்தான். விடுமுறை, பெயர்கள், பிறகு "பொய்க்காக ஜெபியுங்கள்" என்ற வரி. ஒன்றில், "இந்த முறை கேண்டில் தடிப்பாக வந்திருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்குச் சுமையாக இருக்கிறது" என்று இருந்தது. கேண்டில் உடைந்தால் வாஷரும் நட்டும் அப்படியே மிஞ்சும், மறுபடி கேட்க வேண்டியதில்லை. கீறலைக் கண்டுபிடிப்பதற்காகவே சம்பளம் வாங்கியவன் நான். அதைக் கண்டுபிடித்தவர் வாஷர் விற்ற பாய்.

நான் அனுப்பாத அந்த விடுமுறையின் கடிதத்தைத் தேடினேன். தேடும்போதே, அது இல்லாமல் போனால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தேன். இருந்தது.

"இந்த விடுமுறைக்குப் பார்சல் வந்து சேரவில்லை. ஏழு பேர் வெறுங்கையோடு போனார்கள். நான்கு நாள் காத்திருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. மாப்பிள்ளை ஒரு நாளும் தவறாதவர். தபாலில் தொலைந்தது தெரிந்தால் மிகவும் வருந்துவார். அவருக்காக ஜெபியுங்கள்."

அதற்கடுத்த கடிதத்தில், "போன ஏழு பேரில் ஐந்து பேர் திரும்பிவிட்டார்கள். இரண்டு பேரைப் பற்றித் தகவல் இல்லை" என்று ஒரு வரி.

என் வழக்கப்படி ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டேன். கேண்டிலோடு போன விடுமுறைகளிலும் சில பிள்ளைகள் திரும்பாமல் இருந்திருக்கிறார்கள். சண்டை நடக்கிற இடம். எந்தக் காரணத்துக்காகவும் வராமல் இருந்திருக்கலாம். அந்த இருவரும் இன்று எங்கோ நலமாக இருக்கலாம். தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று யாராலும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து பிரேமாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"ஏழு பேரா?"

"ஏழு."

"பேரு போட்டிருக்காளா?"

எழுதிக்கொண்டு வந்திருந்தேன். படித்தேன். எனக்கு அந்தப் பெயர்கள் வாயில் நுழையவில்லை. பிரேமா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். இரண்டாம் முறையும் படிக்கச் சொன்னாள்.

"பத்திரிகைல எழுதுங்க" என்றாள். "அனுப்பாதீங்கன்னு நான்தான் சொன்னேன்னு எழுதுங்க."

"பரண்மேல வெச்சது நான்தானே."

"ரெண்டையும் எழுதுங்க."

எழுதிவிட்டேன்.

இனி ஐந்தாவது. டீச்சரின் தகரப் பெட்டி பிரேமாவிடம் இருக்கிறது. வேதாகமமும் அவளிடம்தான். அதற்குள் என்னுடைய பதினொரு காரணங்களும் மடித்தபடியே இருக்கின்றன. சிவப்பு மை போட்ட குறிப்பை நான் வைத்திருக்கிறேன். இவை தவிர என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பார்சல். பன்னிரண்டு கேண்டில், இருபத்து நான்கு வாஷர், பன்னிரண்டு நட்டு. தையல் பிரியாமல் இன்னும் பரண்மேல்தான் இருக்கிறது. டீச்சர் எங்களோடு இருந்த நாற்பது நாளும் சமையலறையில் அவர் நாற்காலி போட்டுச் சாப்பிட்ட இடத்துக்கு நேர் மேலே அந்தப் பரண். என் கையெழுத்து பெரியது, முகவரி கீழிருந்தே தெரியும். ஒரு நாள் அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் வந்ததும், "ஓடு ரெண்டு மாத்தணும் மாப்ள, ஒழுவுது" என்றார். ஓட்டைத்தான் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. ஓட்டை மாற்றினேன்.

நல்லூர் விடுதிக்குக் கொடுத்துவிடலாம் என்கிறாள் பிரேமா. கொடுப்பேன். அதற்குமுன் பன்னிரண்டையும் மறுபடி ஒரு முறை நீரில் அமிழ்த்திப் பார்க்க வேண்டும். ஏணி எடுத்து வைத்திருக்கிறேன், இன்னும் ஏறவில்லை.

மேலே உள்ள பட்டியலைத் திருத்தி எழுதித் தரலாம் என்று இதழாசிரியர் சொன்னார். வேண்டாம், அப்படியே அச்சாகட்டும் என்றேன். இரண்டாவதாக எழுதியது, டீச்சர் என்னை நம்பவைத்தது. அதற்காக அவர் ஒவ்வொரு கடிதத்திலும் ஜெபிக்கச் சொல்லிவிட்டார். நான்காவதாக எழுதியது என்னுடையது. அது பெரிய விஷயமல்ல என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறேன். அது தவறு.